சீட்டுக்கு அடியில் ஒரு கச்சேரி

டெக்ஸஸில் ஓடுகிற நாலு கதவுப் பிக்கப் டிரக்கின் நீளம் சுமார் 19 அடி. பின்னால் ஐந்தரை அடிக்குத் தொட்டி. அதில் வைக்கோல் கட்டு ஏற்றலாம், மண் ஏற்றலாம், சோபா ஏற்றலாம், நவராத்திரி முடிந்ததும் நாலு வீட்டுக் கொலுப்படிகளைக் கழற்றி ஒரே நடையில் கொண்டுபோகலாம். முன்னால் இருக்கிற பானெட்டின் மேல் இலை போட்டால் ஒரு பந்தி நடத்தலாம். இத்தனை பெரிய வண்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றை வைக்க இடம் கிடையாது.

காருக்கு டிக்கி உண்டு. டிக்கியில் ஒரு சப்வூஃபர் பெட்டியைத் தள்ளிவிட்டால், சத்தம் பின்சீட்டைத் தாண்டித் தானாக உள்ளே வந்து சேரும். பிக்கப்புக்கு இருப்பது தொட்டி. தொட்டிக்கும் நாம் உட்காரும் கேபினுக்கும் நடுவே தகடும் கண்ணாடியும் நிற்கின்றன. அங்கே பெட்டியை வைத்தால் பாட்டு பின்னால் வருகிறவனுக்குக் கேட்கும், நமக்குக் கேட்காது. ஒரு மழை பெய்துவிட்டால் அவனுக்கும் கேட்காது. ஆக, இந்தப் பத்தொன்பதடி ராஜ்ஜியத்தில் ஸ்பீக்கருக்கென்று மிச்சமிருப்பது பின்சீட்டுக்கு அடியில் ஆறேழு அங்குல உயரத்தில் ஒரு சந்து. அதற்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரி இருந்தாள். அவள் என் மனைவி.

என் வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்வதற்கில்லை. டெக்ஸஸில் அதைச் சொன்னால் கேட்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் உறவாகிவிடுவார்கள், மீதிப்பேர் பகையாகிவிடுவார்கள். கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவனுக்குப் பிக்கப் எதற்கு என்று ஊரில் கேட்கிறார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. பிக்கப் இல்லாதவனைத்தான் கேட்கிறார்கள்.

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலை வழியாக வேலைக்குப் போகிறேன். மணிக்கு எழுபது மைல் வேகத்தில் டயர் இரைச்சலும் காற்று இரைச்சலும் சேர்ந்து முதலில் விழுங்குவது பாட்டின் அடிப்பகுதியைத்தான், ஏனென்றால் சாலை இரைச்சலின் பெரும்பகுதி அதே தாழ்ந்த அதிர்வெண்களில்தான் குடியிருக்கிறது. யேசுதாஸ் கேட்பார். வயலின் கேட்கும். பேஸ் கிட்டார் மட்டும் லீவு போட்டிருக்கும்.

எண்பதுகளின் இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது சின்ன இழப்பு அல்ல. அந்தப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்கு ஒத்து ஊதிக்கொண்டு நிற்காது. பாடகர் மேலே ஒன்று பாடிக்கொண்டிருக்க, அடியில் அது தனக்கென்று இன்னொரு மெட்டைப் பின்னிக்கொண்டு போகும். அதன் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கரால் அவ்வளவு ஆழத்துக்கு வலுவாக இறங்க முடியாது. அந்தச் சுரத்தின் மேல் மடங்குகளை மட்டும் அது கொடுக்கும், மீதியை மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். மூளை இந்த வேலையைச் சம்பளமில்லாமல் பல வருஷம் பார்த்து அலுத்துவிட்டது.

வீட்டில் விஷயத்தை மெதுவாகத் திறந்தேன்.

“பாட்டு கேக்குதுல்ல?” என்றாள்.

“கேக்குது. பேஸ் கேக்கல.”

“எனக்கு ஒரு நாளும் அப்படி ஒரு குறை இருந்ததில்லையே?”

“குறை இருக்குறதே உனக்குத் தெரியல.”

அதன்பிறகு அன்று ராத்திரி வீட்டில் பாட்டும் கேட்கவில்லை, பேஸும் கேட்கவில்லை.

கார் ஆடியோ கடையில் இருந்தவர் இளைஞர். மணிக்கட்டிலிருந்து கழுத்துவரை பச்சை குத்தியிருந்தார். சுவர் முழுக்க எட்டு அங்குலத்திலிருந்து பதினைந்து அங்குலம்வரை சப்வூஃபர்கள். இதில் எதை எடுக்கலாம் என்று கேட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பக்கூட இல்லை. “முதல்ல வண்டிகிட்ட போவோம், சீட்டைத் தூக்குங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே இவர் விவரம் தெரிந்தவர் என்று முடிவு கட்டிவிட்டேன். பிக்கப் வைத்திருப்பவன் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதில்லை. சீட்டு பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறது, பெட்டி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கிறது, ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுக்கிறது. கடைசியில் பில் நம்மைத் தேர்ந்தெடுக்கிறது.

டேப்பை நீட்டி அளந்துகொண்டே, “என்ன பாட்டு கேப்பீங்க?” என்றார்.

ஹூஸ்டனில் இது மரியாதைக்குக் கேட்கிற கேள்வி இல்லை. தொண்ணூறுகளில் இந்த ஊரின் தெற்குப் பக்கத்தில் டிஜே ஸ்க்ரூ என்று ஒருவர் இருந்தார். பாட்டுகளின் வேகத்தைக் குறைத்து, துண்டு துண்டாக வெட்டித் திரும்பத் திரும்ப வரவைத்து, கேசட்டில் பதிந்து விற்றார். 2000-இல், 29 வயதில், இறந்துபோனார். ஊரின் காது அவரோடு மாறிவிட்டது. வேகத்தைக் குறைத்தால் சுருதியும் கூடவே இறங்கும். ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் 41 ஹெர்ட்ஸ் 33-க்கு வந்துவிடும். அந்தச் சங்கீதத்துக்குப் பெட்டி செய்கிறவர்கள் 30-ஐ ஒட்டிச் சுருதி கூட்டுகிறார்கள். நம்முடையது வேகம் குறைக்காத சங்கீதம் என்று சொன்னேன். போட்டுக் காட்டச் சொன்னார்.

‘மூடுபனி’யில் யேசுதாஸ் கிட்டாரோடு பாடும் பாட்டைப் போட்டேன். கடைக்குள் இருந்த நல்ல ஸ்பீக்கரில். டேப்பைக் கையில் பிடித்தபடியே முழுப்பாட்டும் கேட்டார்.

“எந்த வருஷம்?”

“1980.”

“என்னைவிட மூத்தது” என்று அந்தப் பாட்டுக்கு ஒரு மரியாதை செலுத்தினார். “பேஸ் வாசிக்கிற ஆள் ஓடிக்கிட்டே இருக்கார். இதுக்கு ஓட்டை போட்ட பெட்டி வேண்டாம். மூடின பெட்டி.”

இந்த இடத்தில் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். சப்வூஃபர் வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அங்குலம் கேட்பார்கள், வாட்ஸ் கேட்பார்கள், லைட் எரியுமா என்று கேட்பார்கள். பெட்டி எத்தனை லிட்டர் என்று கேட்க ஆள் கிடையாது. ஆனால் பெட்டி இல்லாத சப்வூஃபர் ஒன்றுக்கும் ஆகாது. அதன் காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்கம் ஒன்று சொன்னால் பின்பக்கம் அதை அப்படியே மறுக்கிறது. தாழ்ந்த சுரங்களில் இரண்டு பேச்சும் சுற்றி வந்து சந்தித்து ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். நமக்கு மிஞ்சுவது கூம்பு ஆடுகிற காட்சி மட்டும். பின்பக்கப் பேச்சை அடைத்து வைப்பதுதான் பெட்டியின் முதல் வேலை.

அடைத்து வைத்த காற்றையே ஸ்பிரிங்காக உபயோகிக்கலாம் என்று காட்டியவர் எட்கர் வில்ச்சர், 1954-இல். அதற்கு முன்பு நல்ல பேஸ் வேண்டுமானால் பீரோ அளவு பெட்டி வேண்டியிருந்தது. அவர் அதை அலமாரித் தட்டில் உட்காரவைத்தார். அடைக்காமல் பின்பக்கச் சத்தத்தை ஒரு குழாய் வழியாகத் திருப்பிவிட்டு, முன்பக்கத்தோடு சேர்ந்து பாடவைக்கும் வழி அதற்கும் மூத்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸுக்கு 1932-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. காலி பாட்டில் வாயில் ஊதினால் ‘பூம்’ என்கிறதே, அதே சங்கதி. இதுதான் கடைக்காரர் வேண்டாம் என்ற ஓட்டைப் பெட்டி. அது சத்தமாகப் பாடும், ஆழமாகப் பாடும். ஆனால் தன் சுருதிக்கு அருகில் வருகிற எல்லாச் சுரத்தையும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரே சுரத்தில் நிற்கிற பாட்டுக்கு அது சுகம். ஓடிக்கொண்டே இருக்கிற பேஸ் கிட்டாருக்கு மூடின பெட்டிதான் சுத்தம்.

சங்கீதத்தை விடுங்கள். இடம் என்ற ஒரு நியாயம் இருக்கிறதே. என் சீட்டுக்கு அடியில் கிடைத்தது அரை கன அடி, அதாவது 14 லிட்டர். அதில் 3 அங்குலக் குழாய் வைத்து 34 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டவேண்டுமென்றால் குழாயின் நீளம் எவ்வளவு வரும் என்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். குழாய் மட்டும் மூன்றரை லிட்டரை விழுங்கிவிடும். அந்த மூன்றரை லிட்டரை ஈடுகட்டப் பெட்டியைப் பெரிதாக்கினால் பின்சீட்டில் உட்காருகிறவர்களின் தலை கூரையில் இடிக்கும்.

இந்தக் கஷ்டத்துக்கு ஒரு சட்டமே இருக்கிறது. பியானோ மேதை யோசஃப் ஹாஃப்மனின் மகன் ஆன்டன் ஹாஃப்மன் ஒலிப்பெருக்கிப் பொறியாளர். கேஎல்எச் என்ற பழைய ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் கடைசியாக நிற்கும் எச் அவர்தான். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் வாங்கிக்கொள்ள முடியும் என்பது அவர் பெயரில் வழங்கும் இரும்புச் சட்டம். சென்னையில் வீடு தேடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாடகை குறைவு, ஸ்டேஷன் பக்கம், தண்ணீர் வரும் என்ற மூன்றில் எது இரண்டு என்று புரோக்கரே கேட்டுவிடுவார். பிறகு அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்று இரண்டு பேர் எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் என்று சூத்திரம் போட்டுக் கொடுத்தார்கள். தீல் ஆஸ்திரேலியாவிலேயே இருந்து எழுதினார், ஸ்மால் அமெரிக்காவிலிருந்து அங்கே போய் எழுதினார். இன்றைக்கு எந்த சப்வூஃபர் அட்டைப்பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே இருக்கும் காகிதத்தில் அவர்கள் எண்கள்தான். அந்தக் காகிதத்தைத்தான் எல்லோரும் முதலில் குப்பையில் போடுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் மாமா வந்து சேர்ந்தார். மனைவியின் அப்பா. கோவில்பட்டிப் பக்கம் ஆயுள் முழுக்க சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். இன்னும் நடத்துகிறவர். கோவில் கொடை, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் கட்டியவர். வேப்பமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரை எந்தக் கோணத்தில் கட்டினால் எந்த ஊர் எல்லைவரை கேட்கும் என்பது அவருக்கு மனப்பாடம். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே, “செட்டு மாத்தப்போறீங்களாமே மாப்ள, பாப்பா சொன்னா” என்றார். குரலில், வெளிநாடு வந்த இடத்திலும் தொழில் கிடைத்த சந்தோஷம்.

“எத்தன வாட்ஸ்?”

“ஐநூறு, மாமா.”

“எத்தன ஊருக்குக் கேக்கணும்?”

“நமக்கு மட்டும் கேட்டாப் போதும்.”

வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். “அம்பது வாட்ஸ்ல நான் ஒரு கொடையே நடத்திருவேனே மாப்ள” என்றார். பரிதாபத்தோடு சொன்னது.

அவர் சொன்னதில் தப்பில்லை. குழாய் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் தேறும். சீட்டுக்கு அடியில் நுழைகிற மெலிந்த சப்வூஃபர் அதே ஒரு வாட்டுக்கு 85-ஐத் தொட்டால் பெரிசு. இருபது டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு மின்சாரம். ஹாஃப்மன் சட்டத்தில் மாமா வாங்கிக்கொண்டது சத்தம், கொடுத்தது பேஸ். குழாயில் 40 ஹெர்ட்ஸும் வேண்டுமென்றால் என்ன ஆகும் என்று கேட்டார். அந்தச் சுரத்தின் அலைநீளம் எட்டரை மீட்டர், குழாயின் வாய்ச் சுற்றளவும் சுமார் அவ்வளவு இருக்கவேண்டும் என்றேன். “தேர்ச் சக்கரமே அவ்வளவு வராதே” என்று ஒப்புக்கொண்டார். அதற்குமேல் ஐநூறு வாட்ஸைப் பற்றி ஏளனமாகப் பேசவில்லை.

கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு ஆம்ப்ளிஃபயர் அட்டைப்பெட்டியில் 3,000 வாட்ஸ் என்று போட்டிருந்தது. மாமா அதைத் திருப்பி ஃபியூஸ் இருக்கும் இடத்தைத் தேடினார். “மாப்ள, ஃபியூஸ் எத்தன ஆம்பியர்?” நாற்பது. ஓடுகிற வண்டியின் மின்னழுத்தம் 14 வோல்ட்டை ஒட்டி. பெருக்கினால் 560. உள்ளே போவதே ஐநூற்றறுபது, வெளியே மூவாயிரம் வருமாம். நம் ஊரில் டேப் ரிக்கார்டர் நெற்றியில் பிஎம்பிஓ 1,000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற காலம் ஒன்று இருந்ததே. நாலு பேட்டரி போட்டால் ஆயிரம் வாட்ஸ். அந்த ஸ்டிக்கர் கடல் கடந்து வந்து இங்கே குடியுரிமை வாங்கிவிட்டது. அமெரிக்காவில் 2003-இல் சிஇஏ-2006 என்று ஒரு அளவுகோல் கொண்டுவந்தார்கள். 14.4 வோல்ட்டில், நாலு ஓம் சுமையில், ஒரு சதவீதத்துக்குமேல் ஒலி கெடாமல் தொடர்ந்து எவ்வளவு கொடுக்கிறதோ அதுதான் வாட்ஸ். ஆனால் அதைப் பின்பற்றுவது கம்பெனியின் விருப்பம். நாங்கள் அந்த முத்திரை உள்ள 500 வாட்ஸ் ஆம்ப்பை எடுத்தோம். ஆயிரமாக ஏற்றலாமே என்று கடைக்காரர் ஒரு தூண்டில் போட்டார். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது மூன்றே டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவேண்டுமானால் பத்து மடங்கு வேண்டும். ஐயாயிரம் வாட்ஸுக்கு ஆம்ப் வாங்கினால் டிரக்கை அதன் தொட்டியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டியதுதான்.

அடுத்தது அங்குலம். எட்டு அங்குலம் இரண்டா, பத்து அங்குலம் ஒன்றா, பன்னிரண்டு ஒன்றா? கூம்பின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டெட்டு அறுபத்துநாலு, இரண்டுக்கு 128. பத்துக்கு 100. பன்னிரண்டுக்கு 144. கணக்குப்படி இரண்டு எட்டு, ஒரு பத்தை ஜெயிக்கிறது. ஆனால் இரண்டுக்கும் தனித்தனியாகக் காற்று வேண்டும், 14 லிட்டரைப் பாகப்பிரிவினை செய்தால் இரண்டும் மூச்சுமுட்டிப் பாடும். பன்னிரண்டுக்கு 14 லிட்டர் பற்றாது. மெலிந்த உடம்போடு வருகிற பத்து அங்குலம் ஒன்று அரை கன அடி மூடின பெட்டியில் நிம்மதியாக இருக்கும் என்று தீலும் ஸ்மாலும் சொன்னார்கள். அந்த ரகங்களுக்கு ஆழம் மூன்றரை அங்குலத்தை ஒட்டித்தான். சாதாரண சப்வூஃபர் என்றால் ஐந்து, ஆறு என்று போகும்.

மூடின பெட்டிக்கு பிக்கப்பே ஒரு சீதனமும் கொடுக்கிறது. கேபின் சின்ன அறை. அதன் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்குமேல் அலைநீளம் உள்ள சுரங்கள், சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை, அங்கே அலையாக ஓட இடமில்லாமல் காற்றழுத்தமாகவே மாறி ஏறுகின்றன. ஏட்டுக்கணக்கில் சுருதி பாதியாக இறங்கும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபல் ஏற்றம். மூடின பெட்டி ஆழத்துக்குப் போகப்போக அதே கணக்கில்தான் இறங்குகிறது. ஒன்று இறங்க, ஒன்று ஏற, சமன். நிஜ வண்டியில் கண்ணாடி இடுக்கு, கதவு ரப்பர் என்று கொஞ்சம் ஒழுகும். ஒழுகினது போக மிச்சமே தாராளம்.

மனைவியோடு உடன்படிக்கை இதற்குள் மூன்று சுற்று நடந்திருந்தது. சீட்டுக்கு அடியில் அவளுடைய உடைமைகள்: குடை, மடக்கு நாற்காலி, ஜம்பர் கேபிள், பிள்ளையின் கால்பந்துக் காலணி, மளிகைப் பைகள், பேர்லாண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போனால் உட்கார ஒரு ஜமுக்காளம். நாற்காலிகள் தொட்டிக்குப் போகும், அதற்கு மூடி வாங்கவேண்டும். குடைக்கும் ஜமுக்காளத்துக்கும் பெட்டியின் வலதுபக்கம் ஒரு அடி இடம் விடவேண்டும். ஸ்பீக்கரின் வாய் கீழே பார்த்து இருக்கவேண்டும், யாரும் எதையும் அதன்மேல் கொட்டக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை நானே போட நினைத்திருந்தேன். கீழ்நோக்கிப் பாடுகிற பெட்டிக்குத் தரைக்கும் கூம்புக்கும் இடையே ஓர் அங்குலமாவது வேண்டும், இல்லாவிட்டால் கூம்பு ஆடித் தரைவிரிப்பில் இடிக்கும். அதனால் பெட்டி இன்னும் ஓர் அங்குலம் மெலிந்தது. வீட்டுப் பேச்சுவார்த்தைகளில் விட்டுக்கொடுக்கிற பக்கம் எப்போதும் பெட்டிப்பக்கம்தான்.

பெட்டியை நாமே செய்துவிடலாம் என்பது மாமாவின் கட்சி. “நல்ல பலாப்பலகை கிடைச்சா ரெண்டு மணி நேர வேலை மாப்ள. நம்ம ஆசாரி வீணைக்குடம் குடையுறவன், போன்ல கேட்டுக்கலாம்.” பலா வீணைக்கு உகந்தது, ஏனென்றால் அது கூடச்சேர்ந்து அதிரவேண்டும். சப்வூஃபர் பெட்டியோ வாயைத் திறக்கவே கூடாது. பலகை ஒரு சுரத்துக்கு அதிர்ந்தாலும் அது பாட்டில் இல்லாத சுரம். அதனால்தான் மரத்தூளைப் பிசினோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப். முக்கால் அங்குலக் கனம், கல்லுக்கு அடுத்தபடி ஊமை. ஹூஸ்டனின் ஈரத்துக்கு இயற்கை மரம் ஒரு மாதம் உப்பும், ஒரு மாதம் சுருங்கும், பிறகு இணைப்பில் விரிசல் விடும். மூடின பெட்டியில் காற்று ஒழுகினால் கதை முடிந்தது. எம்டிஎஃப்பும் தண்ணீர் பட்டால் ஊதிப்போகும், ஆனால் மேலே தரைவிரிப்புத் துணி ஒட்டி வருவதால் ஈரக்காற்றைத் தாங்கும். ஹோம் டிப்போவில் எட்டுக்கு நாலடிப் பலகை ஒன்றை மாமா ஒரு முனையில் தூக்கிப் பார்த்தார். முழுப்பலகை நாற்பது கிலோவுக்குமேல். கீழே வைத்துவிட்டு, “ரெடிமேடே வாங்கிருவோம்” என்றார்.

வாங்கினோம். அந்தந்த வண்டியின் சீட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்கிற பெட்டிகள் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. இது பெரிய தொழில். பக்கத்து மாநிலம் ஒக்லஹோமாவில் ஸ்டில்வாட்டர் என்ற ஊரில் 1973-இல் தேவாலயங்களுக்கும் பாட்டுக்குழுக்களுக்கும் ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்த ஒரு கொட்டகைப் பட்டறை, 1980-இல் வண்டிக்கென்றே ஒரு பெட்டி செய்து ‘கிக்கர்’ என்று பெயர் வைத்தது. இன்று அந்தப் பெயர் இல்லாத ஆடியோ கடை கிடையாது. இதைக் கேட்டதும் மாமாவுக்கு அந்தக் கம்பெனிமேல் தனிப் பாசம் வந்துவிட்டது. “சர்ச்சுக்குச் செட்டுப் போட்டவனா? அப்ப தொழில் தெரிஞ்சவன்தான்.”

மாட்டுகிற அன்று அவர் பட்டறையை விட்டு நகரவில்லை. பவர் வயரின் நுனியைப் பேனாக்கத்தியால் சுரண்டி உள்ளேயும் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தார். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் இங்கேயும் விற்கிறது, அதே கனத்தில் அது செம்பளவுக்கு மின்சாரம் கடத்தாது. எங்களுடையது நல்ல செம்பு. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வைத்ததைப் பார்த்துத் தலையாட்டினார். “நாங்க போஸ்ட்ல கொக்கி போட்டு இழுத்த காலத்துல ஃபியூஸ் எங்க இருந்துச்சு? டவுன்ல இருந்துச்சு.” எர்த் வயருக்காக இளைஞர் பெயின்ட்டைச் சுரண்டித் தகட்டை வெளியே எடுத்தபோதுதான் அவர் முகம் சுருங்கியது. “புது வண்டி மாப்ள. பாப்பா பாத்துரப் போறா.” சீட்டுக்கு அடியில்தான் சுரண்டினார்கள். இதுவரை பார்க்கவில்லை.

முதல் பாட்டு மாமாவின் விருப்பம்: டி.எம். சௌந்தரராஜன். பின்சீட்டில் பெட்டிக்கு நேர் மேலே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. “பெட்டி வேல செய்யலையே?” அறுபதுகளின் பதிவுகளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் இருக்காது. ஐநூறு வாட்ஸும் கைகட்டி நின்றது. அடுத்து ‘மூடுபனி’. பேஸ் கிட்டார் வந்தது. சத்தமாக வரவில்லை, ஆளாக வந்து உட்கார்ந்தது. நான் இத்தனை வருஷம் மனசுக்குள் இட்டு நிரப்பியதும் இப்போது வெளியே கேட்டதும் பல இடங்களில் வேறு வேறு சுரங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது என்பதால், சீட்டுக்கு அடியில் இருப்பது டாஷ்போர்டிலிருந்து பாடியது. மனைவி மறுபடி ஒரு தரம் போடச் சொன்னாள். அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்றும் சொன்னாள்.

மூன்றாவதாகப் பையன் அனிருத்தைப் போட்டான். அப்போதுதான் வண்டியின் சுயரூபம் தெரிந்தது. நம்பர் பிளேட் ஒரு சுரம், பின் கண்ணாடி ஒரு சுரம், கோப்பை வைக்கும் குழியில் கிடந்த சில்லறை ஒரு சுரம், சீட் பெல்ட் கொக்கி தூணில் மோதி ஒரு தாளம். நல்ல சப்வூஃபர் வாங்கினவன் அடுத்து வாங்குவது அதிர்வை அடக்கும் தார் ஷீட்டைத்தான். எங்களுக்கு மாமா இருந்தார். ஒவ்வொரு தகட்டிலும் காதை வைத்து, விரலால் அமுக்கி, எது பேசுகிறது என்று கண்டுபிடித்து, தன் விமான போர்டிங் பாஸைக் கிழித்து மடித்து இடுக்குகளில் செருகினார். பாதி ஷீட் செலவு மிச்சம். பின்சீட்டுக்குத் திரும்பி, “அந்தப் பாட்ட இன்னொரு தடவ போடச் சொல்லுங்க” என்றார். அனிருத்தையா என்று ஆச்சரியப்பட்டேன். “பாட்டு கெடக்கு. இடுப்புக்குப் பதமா இருக்கு.”

ஊருக்குக் கிளம்பும் வாரம், வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். சவுண்ட் சர்வீஸுக்கு அவரிடம் ஒரு பழைய டாடா ஏஸ் உண்டு.

“இதே பெட்டி நம்ம குட்டி யானைக்குப் போகுமா மாப்ள?”

“போகாது மாமா. அதுல சீட்டைத் தூக்கினா எஞ்சின்தான இருக்கு.”

“ஆமா.” கொஞ்சநேரம் யோசித்தார். “அந்த கிட்டாரு அடிக்கம்பி எத்தன சைக்கிள்னு சொன்னீங்க?”

“நாப்பத்தொண்ணு.”

“நம்ம எஞ்சின் எத்தன வரும்?”

போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். 2005-இல் வந்த முதல் ஏஸுக்கு 702 சிசி, இரண்டு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் டீசல். சராசரியாகச் சுற்றுக்கு ஒரு வெடி. நிமிஷத்துக்கு 2,400 சுற்று என்றால் விநாடிக்கு நாற்பது.

“நாப்பது, மாமா.”

“ஒண்ணு குறையுதே?”

“2,460-ல வச்சா நாப்பத்தொண்ணு வந்துரும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிக்கணும்.”

“அப்ப ஆம்பு காசு மிச்சம்” என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்ட உள்ளே போனார்.